பத்துக் கல்லறைகளும் பெயரில்லாப் பல்லாயிரவரும்

மன்னன் மாண்டால் மணிமண்டபம் எழுகிறது. மறவன் மாண்டால் நடுகல் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவன் மாண்டால்? மண்ணே அவனை மூடிக்கொள்கிறது. அடுத்த மழையில் அவ்விடத்தில் புல் முளைத்துவிடுகிறது. வரலாற்று நூல்களைப் புரட்டும்போதெல்லாம் நம் நெஞ்சைக் குடைகின்ற எண்ணம் இது. இந்த எண்ணத்தோடு நைனார்பாளையத்திலிருந்து கிளம்பிய நம் தேடல், கடல் கடந்து ஜாவாத் தீவின் மலைச்சரிவில் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு இடுகாட்டின் வாயிலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அது ஜெர்மானியரின் இடுகாடு. அங்கே இருப்பவை பத்தே பத்துக் கல்லறைகள்.

"ஜாவாவுக்கும் நைனார்பாளையத்துக்கும் என்ன தொடர்பு? ஜெர்மானியன் கல்லறைக்கும் தமிழனுக்கும் என்ன உறவு?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டும், கேட்பதுதான் அறிவுக்கு அழகு. உறவு உண்டு. அந்த இடுகாட்டில் நிற்கும் நினைவுச் சின்னத்தின் கதை, சென்னைக் கடற்கரையில் குண்டு விழுந்த கதையோடு பின்னிக் கிடக்கிறது. அங்கே புதையுண்டிருக்கும் மாலுமிகளின் கதை, மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரின் கதைக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அக்கதையை அறிந்தால், யாருக்குக் கல்லறை கட்டப்படுகிறது, யாருக்குக் கட்டப்படுவதில்லை என்ற நீதியும் விளங்கும்.

எண்ணூறு சிலைகளின் பெயரால்

ஜகார்த்தாவுக்குத் தெற்கே போகோர் என்னும் நகரம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பங்ராங்கோ மலையின் சரிவுகள். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த குளிர்ந்த பகுதி. அங்கே சிக்கோப்போ என்ற சிற்றூருக்கு அருகில் 'அர்ச்சா டோமாஸ்' என்று ஓர் இடம். அர்ச்சா என்றால் சிலை. டோமாஸ் என்றால் சுந்தா மொழியில் எண்ணூறு. நம் நாட்டுக் கோவில்களில் புகுந்த அதே வடமொழிச் சொல்தான் கப்பலேறி ஜாவாவுக்கும் போயிருக்கிறது. எண்ணூறு சிலைகளின் பெயரைச் சுமந்த அந்த இடத்தில்தான் எமில் ஹெல்ஃபெரிக், தியோடர் ஹெல்ஃபெரிக் என்ற ஜெர்மானிய உடன்பிறப்புகள் 1926-ஆம் ஆண்டில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1914-இல் அழிந்துபோன ஜெர்மானியக் கிழக்காசியக் கப்பற்படையின் வீரர்களுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது.

சின்னத்தின் இருபுறமும் நிறுத்தப்பட்டிருப்பவை எவை தெரியுமா? ஒருபுறம் புத்தர், மறுபுறம் பிள்ளையார்! ஐரோப்பியன் பீரங்கிப் போரில் மடிந்தான். அவன் நினைவைக் காக்க, கொல்லாமையை ஓதிய புத்தரும், யானைமுகப் பிள்ளையாரும் காவலாட்களாக அமர்த்தப்பட்டார்கள். வாளை விடு என்று சொன்னவரைப் போர்க்கப்பலுக்குக் காவல் வைத்த கொடுமையை எண்ணிச் சிரிப்பதா, சினப்பதா? இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கப்பற்படை யாருடையது என்று பார்ப்போம்.

எம்டன் என்ற சொல்

ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படை சீன நாட்டின் சிங்டாவ் துறைமுகத்தில் தங்கியிருந்தது. அதன் தலைவர் வான் ஸ்பீ. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும், படையின் பெரும்பகுதி பசிபிக் கடலைக் கடந்து தென்னமெரிக்கா நோக்கிச் சென்றது. நவம்பர் 1-இல் சிலி நாட்டுக் கரையோரம் கொரோனல் என்ற இடத்தில் அது வென்றது. டிசம்பர் 8-இல் ஃபாக்லாந்துத் தீவருகே பிரிட்டனின் கப்பல்களிடம் சிக்கி மூழ்கியது. ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட ஜெர்மானியர் ஒரே நாளில் கடலுக்கு இரையானார்கள். வான் ஸ்பீயும் அவருடைய இரண்டு மைந்தர்களும் அவர்களுள் அடக்கம்.

அந்தப் படையிலிருந்து பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்ட ஒற்றைக் கப்பல்தான் எம்டன். அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் அது சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. குறைந்தது ஐந்து பேர் மாண்டார்கள். அரைமணி நேரத்திற்குள் கப்பல் இருளில் மறைந்தது. ஆனால் அந்த அரைமணி நேரம், ஆங்கிலேயன் அசைக்கமுடியாதவன் என்று அதுவரை கட்டிவைத்திருந்த கோட்டையில் விரிசல் விழச் செய்தது. சென்னை மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்நாளை நினைவூட்டும் கல் நிற்கிறது.

கல்லைவிட நிலைத்து நிற்பது சொல். துணிச்சலும் தந்திரமும் உள்ள ஆளைக் கண்டால் "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். படிப்பறிவே இல்லாத மூதாட்டியின் நாவில் ஜெர்மனி நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர் குடியேறியிருக்கிறது! ஆண்டவனின் அவதாரங்களைப் பற்றிக் கதை சொன்ன ஊரில், ஒரு கப்பலே அவதாரமாகிவிட்டது.

சென்னையைத் தாக்கியபின் எம்டன் பல வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் செம்சுக்கைத் தகர்த்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அகப்பட்டு அழிந்தது. கரையிறங்கியிருந்த ஐம்பது பேர் கொண்ட ஒரு குழு மட்டும் வான் மூக்கே என்பவரின் தலைமையில் ஆயிஷா என்ற பாய்க்கப்பலைக் கைப்பற்றித் தப்பியது. அவர்கள் முதலில் ஒதுங்கிய கரை, டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த சுமத்திராத் தீவின் பாடாங். டச்சு நாடு அந்தப் போரில் நடுநிலை வகித்தது. ஆகவே அத்தீவுகளில் வாழ்ந்த ஜெர்மானிய வணிகர்கள் தங்கள் நாட்டின் போர்ப்புகழைத் தடையின்றிக் கொண்டாட முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் மலைச்சரிவில் எழுந்த சின்னம் அந்தக் கொண்டாட்டத்தின் விளைவு.

நாம் விரும்பும் புராணம்

இங்கே ஒரு கணம் நிற்போம். எம்டன் கதை சொல்லும் எவரும் அடுத்து ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை: செண்பகராமன். அவர்தான் எம்டனில் இருந்தார், அவர்தான் சென்னையில் குண்டுபோட வழிகாட்டினார் என்று மேடைகளிலும் பாடங்களிலும் பேசப்படுகிறது. கேட்கும்போது நம் தோள் பூரிக்கிறது. தமிழன் ஒருவன் வெள்ளையன் கோட்டையைச் சுட்டான் என்றால் யாருக்குத்தான் பூரிக்காது?

ஆனால் பூரிப்பு சான்றாகாது. திருவனந்தபுரத்தில் 1891-இல் பிறந்த செண்பகராமன், 1914-ஆம் ஆண்டில் இருந்த இடம் ஐரோப்பா. சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் இந்தியாவுக்கு ஆதரவான பன்னாட்டுக் குழு ஒன்றை நடத்திவந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினுக்குச் சென்று அங்கிருந்த இந்திய விடுதலைக் குழுவில் சேர்ந்தார். எம்டனோ ஜூலை 31-ஆம் நாள் சீனத்துச் சிங்டாவிலிருந்து கிளம்பிய கப்பல். சூரிச்சில் இருந்தவர் சிங்டாவில் எப்படி ஏறினார்? நடுக்கடலில் பறந்து வந்து இறங்கினாரா? அனுமனைப் பார்த்து "கடலைத் தாண்டியது எப்படி?" என்று கேட்கும் நாம், நமக்குப் பிடித்தவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கத் தயங்கினால், நம் பகுத்தறிவு பாதியறிவு ஆகிவிடும்.

செண்பகராமனின் பெருமை இதனால் குறையாது. பிறந்த மண்ணை விட்டு, பெர்லினில் உயிர்விட்ட 1934 வரை, இந்தியாவின் விடுதலைக்காகவே பேசிய அவருடைய வாழ்வு பொய்க்கப்பலில் ஏறித்தான் புகழ்பெற வேண்டும் என்பதில்லை. உண்மையிலேயே உயர்ந்தவரைப் பொய்யால் அலங்கரிப்பது அவருக்குச் செய்யும் சிறப்பல்ல, சிறுமை.

கடலுக்கடியில் வந்த இரண்டாம் போர்

1940 மே 10-இல் ஹிட்லரின் படைகள் டச்சு நாட்டிற்குள் புகுந்தன. உடனே ஜாவாவிலும் சுமத்திராவிலும் வாழ்ந்த ஜெர்மானியர்களை டச்சு அரசு சிறைப்பிடித்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர், நாஜியை வெறுத்தவர், பாதிரி, ஓவியர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. பிறப்பே குற்றமாயிற்று. ஜப்பானியர் நெருங்கியபோது அந்தக் கைதிகளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் டேராடூன் முகாமில் அடைபட்டார்கள். வான் இம்ஹாஃப் என்ற கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 1942 ஜனவரி 19-இல் நியாஸ் தீவருகே ஜப்பானிய விமானம் அக்கப்பலின்மீது குண்டு வீசியது. டச்சு மாலுமிகள் படகேறித் தப்பினார்கள். கைதிகளைக் காக்க முன்வரவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மூழ்கி மாண்டார்கள். பாலித் தீவின் கலைகளை உலகறியச் செய்த ஓவியர் வால்டர் ஸ்பீஸ் அவர்களுள் ஒருவர்.

அதே 1942-இல் ஜாவா ஜப்பானியர் கைக்கு மாறியது. மறு ஆண்டில் ஜெர்மானியர் திரும்பி வந்தார்கள். இம்முறை நீர்மூழ்கிக் கப்பல்களில். 1943 முதல் பினாங்கு ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் தளமாயிற்று. பருவக்காற்றின் பெயரால் 'மான்சூன் அணி' என்று அவை அழைக்கப்பட்டன. 29 ஆண்டுகளுக்கு முன் எம்டன் குண்டுபோட்ட அதே பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மானிய மாலுமி விருந்தினனாய் இறங்கினான். தமிழர் மூட்டை சுமந்த துறைமுகம், தமிழர் கடை வைத்திருந்த தெரு, தமிழர் பால்மரம் சீவிய மலைநாடு. அவற்றின் நடுவே ஐரோப்பாவின் போர் வந்து நங்கூரமிட்டது.

சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் வந்த கதையை அறியாதார் யார்? 1943 பிப்ரவரி 9-இல் அவரும் அபித் ஹசனும் ஏறிய கப்பல் யூ-180. ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே கொந்தளிக்கும் கடலில், ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29-க்கு அவர்கள் மாறினார்கள். யூ-180-ஐப் போன்ற அமைப்புடைய கப்பல் உலகில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அதன் பெயர் யூ-195. 1944 ஆகஸ்டில் இவ்விரு கப்பல்களும் யூ-219-உம் பிரான்சு நாட்டின் போர்தோவிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பின. யூ-180 பிஸ்கே விரிகுடாவைத் தாண்டவில்லை. அதிலிருந்த 56 பேரும் மாண்டார்கள். மற்ற இரண்டும் நான்கு மாதம் கடலடியில் ஊர்ந்து, 1944 டிசம்பரில் படாவியா என்றழைக்கப்பட்ட இன்றைய ஜகார்த்தாவை வந்தடைந்தன. போஸை ஏற்றிவந்த கப்பலின் உடன்பிறப்பான யூ-195-இன் தலைவர் ஃபிரீட்ரிக் ஸ்டைன்ஃபெல்டின் பெயரை அர்ச்சா டோமாஸ் கல்லறை ஒன்றில் படிக்கலாம்.

பத்துப் பேர் மாண்ட கதை

1945 மே 8-இல் ஜெர்மனி சரணடைந்தது. நேற்றுவரை தோழனாயிருந்த ஜப்பான் உடனே நீர்மூழ்கிகளைக் கைப்பற்றிக்கொண்டது. நாடும் இல்லை, கப்பலும் இல்லை என்றான மாலுமிகள் சிக்கோப்போத் தோட்டத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். தலைவிதி என்பார் சிலர். தலைவர்கள் செய்த சதி என்போம் நாம். பெர்லினில் ஒருவன் கண்ட உலகாளும் கனவுக்கு, ஜாவாவின் தேயிலைத் தோட்டத்தில் இருபது வயது இளைஞன் விலை கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டு 15-இல் ஜப்பானும் வீழ்ந்தது. இரண்டே நாளில், 1945 ஆகஸ்டு 17 அன்று, சுகர்ணோவும் ஹாட்டாவும் இந்தோனேசியா விடுதலை பெற்ற நாடு என்று அறிவித்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கசக்கிப் பிழிந்த டச்சுக்காரன் மீண்டும் வந்துவிடக்கூடாது என்று ஜாவா இளைஞர்கள் கூர்மூங்கிலும் கையுமாய் எழுந்தார்கள். அப்போது வந்து இறங்கியது பிரிட்டிஷ் படை. அதில் பெரும்பாலோர் யார்? இந்தியச் சிப்பாய்கள்! ஓர் அடிமை நாட்டின் இளைஞனை, இன்னோர் அடிமை நாட்டின் இளைஞனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்க வைத்த அந்தத் திறமைக்குத்தான் ஏகாதிபத்தியம் என்று பெயர். சுராபாயாவில் 1945 நவம்பரில் நடந்த கடும்போரில் இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள், மாய்த்தார்கள். மனம் பொறாமல் இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்த சிப்பாய்களும் உண்டு. இந்தியப் படையின் செய்தி அலுவலராகச் சென்ற பி. ஆர். எஸ். மணி, கண்ணால் கண்டதைப் பின்னர் இந்தோனேசியப் புரட்சியின் வரலாறாகவே எழுதினார்.

இந்தக் குழப்பத்தின் நடுவேதான் பத்து ஜெர்மானியரில் சிலர் மாண்டார்கள். சிக்கோப்போவிலிருந்தவர்களைப் பிரிட்டிஷ் படையினர் போகோருக்குக் கொண்டுசென்று, அங்கே டச்சுக் குடும்பங்கள் தங்கியிருந்த முகாமுக்குக் காவல் நிற்கச் செய்தார்கள். தோற்றவன் கையிலேயே துப்பாக்கி! 1945 அக்டோபரில் விடுதலைப் படையினரின் தாக்குதலில் ஜெர்மானியர் சிலர் கொல்லப்பட்டார்கள். வெள்ளைத் தோலைக் கண்ட ஜாவா இளைஞன் டச்சுக்காரன் என்றே எண்ணினான் என்று கூறப்படுகிறது. தோலைக் கண்டு மனிதனை அளக்கும் பாடத்தை ஐரோப்பியன்தான் ஆசியாவுக்குக் கற்றுக்கொடுத்தான். அந்தப் பாடம் அவன்மீதே திரும்பிய நாள் அது. தலைவர் ஸ்டைன்ஃபெல்ட் நவம்பரில் சுராபாயாவில், கைதியாக, நோயிலும் பசியிலும் வாடி உயிர்விட்டார்.

இன்று அந்த இடுகாட்டில் பத்துக் கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. இரண்டில் பெயர் இல்லை. 'அறியப்படாதவர்' என்ற ஜெர்மன் சொல் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் ஜெர்மானியர் தம் போர்மாண்டாரை நினைக்கும் நாளில், தூதரகத்தார் அங்கே சென்று மலர்வளையம் வைக்கிறார்கள். போகோரில் குடியேறிய ஹெர்விக் சகோர்கா என்ற ஜெர்மானிய வனவியலாளர், மறதியில் புதைந்துகிடந்த அந்த இடுகாட்டின் வரலாற்றைத் துருவித் துருவித் திரட்டி வெளியிட்டார். பத்துப் பேருக்காக ஒரு மனிதர் தம் முதுமையைச் செலவிட்டார் என்பதை நாம் மதிக்கிறோம். பகைவன் படையில் இருந்தவனானாலும் மாண்டவன் மனிதனே.

ஆனால் மதிப்பு வேறு, மயக்கம் வேறு. நினைவுச் சின்னம் எழுப்பிய எமில் ஹெல்ஃபெரிக் பின்னாளில் என்ன செய்தார்? ஜெர்மனிக்குத் திரும்பினார். ஹிட்லரைத் தலைமை அமைச்சராக்குங்கள் என்று 1932 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்குக்கு விண்ணப்பம் எழுதிய முதலாளிகளுள் அவரும் கையெழுத்திட்டார். 1926-இல் மாண்ட மாலுமிக்குக் கல் எழுப்பிய கை, 1932-இல் மாளப்போகும் மாலுமிகளுக்குக் குழிவெட்டும் தாளில் ஒப்பமிட்டது. அந்தக் குழிகளில் பத்து, அவர் எழுப்பிய சின்னத்தின் நிழலிலேயே வெட்டப்பட்டன. போரைப் போற்றும் கல், அடுத்த போருக்கு அழைப்பிதழ் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஹிட்லரை வீரன் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். ஆங்கிலேயனுக்குப் பகைவன் ஆகவே நமக்கு நண்பன் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயன் கையில் இருப்பதே மேல் என்ற கருத்தைத் தன் நூலிலேயே எழுதிவைத்தவன் அவன். 1942 மே மாதம் போஸ் நேரில் சென்று கேட்டபோதும், இந்திய விடுதலையை ஆதரித்து ஓர் அறிவிப்புத் தர அவன் இசையவில்லை. பிறப்பால் உயர்ந்த இனம் ஒன்று உண்டு என்ற ஆரியப் பொய்யை அரசியல் சட்டமாக்கி, அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றவனை, பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் கொடுமைக்கு ஆளான நாட்டின் இளைஞன் வியப்பது போன்ற பேதைமை வேறுண்டா?

நம்மவர் கல்லறை எங்கே?

இனி, பக்கத்தில் நடந்த நம் கதைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். அதற்குமுன் விழுப்புரம், அதற்கும்முன் தென்னார்க்காடு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களைப் பட்டியலிட்டால் தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஆகியவை முன்னே நிற்கும். மழை பொய்த்தது, வட்டி ஏறியது, சாதியின் பெயரால் ஊர்க்கோடியில் ஒதுக்கப்பட்டவனுக்கு நிலமும் இல்லை, நீதியும் இல்லை. கங்காணி வந்தான்; "மலேயாவில் தேங்காயும் மாசியும் தெருவில் கிடக்கிறது" என்று ஆசை காட்டினான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர் ஆயிரம் ஆயிரம். 1938-இல் இந்திய அரசு தோட்டத்திற்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்யும் வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை.

ஜப்பானியர் மலேயாவைப் பிடித்தபின் ரப்பருக்கு விலையில்லை, தோட்டத்தில் வேலையில்லை, உண்ண அரிசியில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதையில் வேலை செய்த மேலைநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் அறுபதாயிரம். மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களில் மலேயாத் தமிழர் பெருந்தொகையினர். காலரா வந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, காட்டில் வீழ்ந்தவனைக் காட்டிலேயே விட்டார்கள். மரணப் பாதை என்று உலகம் அதற்குப் பெயரிட்டது.

தாய்லாந்து நாட்டின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம், புல்வெளி நடுவே அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொருவனுக்கும் பெயர், வயது, படைப்பிரிவு. தமிழனுக்கு? பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான் அங்கே தமிழர்க்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நட்டவர்கள் போற்றுதற்குரியவர்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர்க்கு ஒரே கல்! பெயரெழுதக் கல் இல்லாததால் அன்று. எழுதுவதற்குப் பெயர்ப்பட்டியலே இல்லாததால்.

ஏன் இல்லை? போர்க்கைதி வெள்ளையன், அவனுக்குப் படைப்பதிவு உண்டு, எண் உண்டு, தேடிவர அரசு உண்டு. தமிழன் கூலி, தோட்டக்காரனுக்கு அவன் தலைக்கணக்கு, ஜப்பானியனுக்கு அவன் கைக்கணக்கு, தாய்நாட்டுக்கோ அவன் கப்பலேறிய நாளே கணக்குத் தீர்ந்தவன். ஜாவாவில் பெயரறியாமல் கிடக்கும் ஜெர்மானியர் இருவர்; அவர்களுக்கும் 'அறியப்படாதவர்' என்று எழுதிய கல் உண்டு. பெயரறியாமல் போன நம்மவருக்கு 'அறியப்படாதவர்' என்று எழுதவும் ஆளில்லை.

ஊரிலேயே தொடங்குவோம்

தோழர்களே, புலம்புவதற்காக இதை எழுதவில்லை. சகோர்காவுக்கு இருந்தவை யாவை? பத்துக் கல்லறைகளும் கேட்கும் பழக்கமும். நமக்கு ஊர்தோறும் சான்றுகள் கிடக்கின்றன. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று ஆங்கில அரசு பல ஊர்களில் கல் பதித்தது. சாவடிச் சுவரிலும் பழைய அலுவலக வாயிலிலும் சுண்ணாம்பு பூசி மறைந்த அக்கற்களைத் தேடுவோம். மலேயா முத்திரையிட்ட கடிதங்கள் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. அங்கிருந்து வந்த பணத்தில் வாங்கிய காணியின் பத்திரங்கள் இருக்கின்றன. "தாத்தாவின் தம்பி கப்பலுக்குப் போனவர், திரும்பவே இல்லை" என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. பெயர், ஊர், சென்ற ஆண்டு, சென்ற தோட்டம், கடைசிச் செய்தி வந்த நாள் என்ற ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும், அதுவே தொடக்கம்.

எழுதும்போது மூன்று கேள்விகளை மறவாதீர். சொல்பவர் நேரில் கண்டவரா, கேட்டவரா? அவர் சொல்லும் ஆண்டும் இடமும் வேறு சான்றோடு பொருந்துகின்றனவா? இந்தக் கதை மெய்யாயிருக்க வேண்டும் என்று நாமே ஆசைப்படுகிறோமா? மூன்றாவது கேள்வியே கடினமானது. அதைக் கேட்கத் தவறியதால்தான் சூரிச்சிலிருந்தவரை எம்டனில் ஏற்றினோம்.

போர்க்கதை மட்டுமன்று, நம் கண்ணெதிரே நிற்கும் கல்வராயன் மலை, ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது 1976-இல். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! அதுவரை அம்மலை மக்கள் சுமந்த சுமையை, கொடுத்த வரியை, செய்த வெட்டி வேலையை அவர்கள் வாய்ச்சொல்லாகவே கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்கவேண்டிய வாய்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருக்கின்றன.

கல்லறை கட்டுவது செல்வத்தால் ஆகும். கணக்கெடுப்பது உழைப்பால் ஆகும். செல்வம் நம்மிடம் இல்லை, உழைப்பு உண்டு. அடுத்த ஞாயிறு உங்கள் ஊரின் மிக மூத்தவர் வீட்டுத் திண்ணையில் குறிப்பேட்டோடு அமருங்கள். ஒரு பெயரை மீட்டாலும் அது வரலாறுதான்.